மட்டக்களப்புக் கூரைக்கு எந்த டிஷ்?

மாதக் கட்டணம் இல்லாமல் டிவி பார்க்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல றிசீவர் எது இருக்கு?" என்பதுதான். கடைக்காரரும் கண்ணாடி அலுமாரியிலிருந்து நாலைந்து பெட்டிகளை எடுத்து மேசையில் வைப்பார். ஒன்றில் வைஃபை, ஒன்றில் யூடியூப், இன்னொன்றில் பென்டிரைவில் பதிவு செய்யும் வசதி. பேரமெல்லாம் அந்தப் பெட்டியோடு முடிந்துவிடும். டிஷ், அது குவிக்கும் சமிக்ஞையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி., கேபிள், பைப் எல்லாம் "அதோடு சேர்த்து" என்ற கணக்கில் வீடு வந்து சேரும்.

என்னைக் கேட்டால் இது தலைகீழான வரிசை. டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டியை எந்த நாளிலும் மாற்றலாம், ஐந்து நிமிட வேலை. கூரையில் ஏற்றிப் பூட்டியதை மாற்றுவதுதான் பாடு. அதிலும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் உப்புக்காற்று ஒரு பக்கம், மாரி மழை ஒரு பக்கம், கச்சான் காற்று ஒரு பக்கம். பெட்டியில் மிச்சம் பிடித்து அந்தக் காசைக் கூரையில் போடுவதுதான் இங்கே புத்தி. ஏன் என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால், எது இலவசம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். செய்மதியிலிருந்து வரும் சனல்களில் ஒரு பகுதி பூட்டில்லாமல் வருகிறது, மற்றது பூட்டி வருகிறது. சன் டிவி, விஜய், ஸீ தமிழ் எல்லாம் பூட்டி வருகிறவை. சந்தா கட்டியவரின் பெட்டிதான் அதைத் திறக்கும். "அதையும் சும்மா எடுத்துத் தாறன்" என்று யாராவது சொன்னால், இணையத்தில் ஒரு சேர்வரோடு பெட்டியை இணைத்து அடுத்தவரின் சந்தாவைக் களவாகப் பங்கு போடும் வேலை அது. சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வருடக் காசை வாங்கிக்கொண்டு மறுமாதமே அந்த சேர்வர் படுத்துவிட்டால் எங்கே போய் முறையிடுவது? இந்திய டிடிஎச் பெட்டிகளைக் கொண்டுவந்து ரீசார்ஜ் பண்ணிப் பார்ப்பதும் நம் ஊர்களில் பழகிப்போன விஷயம். அந்த நிறுவனங்களின் அனுமதி இந்தியாவுக்குள் மட்டும்தான். எப்படியும் அது மாதக் காசு கேட்கும் என்பதால் இந்தக் கட்டுரைக்கு அதில் வேலை இல்லை.

உண்மையான இலவசம் நம் தலைக்கு மேல் இரண்டு விதமாக வருகிறது.

ஒன்று, இந்தியாவின் அரச ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. (நமக்கு அந்த மாதத்தின் நினைவே வேறு.) இப்போது இது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட் 15 செய்மதியிலிருந்து, கேயு-பாண்ட் எனப்படும் உயர் அதிர்வெண்ணில் வருகிறது. சின்ன டிஷ் போதும் என்பது இதன் பலம். பலவீனம் என்னவென்றால், வருவதில் பெரும்பகுதி ஹிந்தி. தமிழுக்கு டிடி தமிழ் இருக்கிறது, 2024 ஜனவரி வரை பொதிகை என்று நாம் அறிந்திருந்த அதே சனல். ஹிந்திப் படமும் பாட்டும் பார்க்கிற வீட்டுக்கு இது போதும். தமிழ்ச் செய்திக்காகவே டிஷ் வைக்கிறவர் இதை மட்டும் நம்பினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

மற்றது சி-பாண்ட், அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் வருவது. தமிழ்நாட்டுச் செய்திச் சனல்கள், பக்திச் சனல்கள், கிறிஸ்தவ சனல்கள் எனப் பூட்டில்லாமல் வருகிறவற்றைத் தேடுகிறவர் பார்க்க வேண்டிய இடம் இது. அவர்கள் ஏன் பூட்டாமல் அனுப்புகிறார்கள்? நமக்காக இல்லை. தமிழ்நாட்டில் ஊர் ஊராக இருக்கும் கேபிள்காரர்கள் பெரிய டிஷ் வைத்து அந்தச் சமிக்ஞையைப் பிடித்துத்தான் வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் பிழைக்கும் சனலுக்கு எத்தனை கேபிள்காரர் பிடிக்கிறாரோ அத்தனை நல்லது, ஆகவே பூட்டுவதில்லை. அந்தக் கற்றை கடலைத் தாண்டி நம் கூரையிலும் விழுகிறது, அவ்வளவுதான். 66 பாகையில் இன்டெல்சாட் 17, 83 பாகையில் ஜிசாட் 30, 93.5 பாகையில் ஜிசாட் 17 ஆகியவை இந்த விஷயத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். இன்று பூட்டில்லாமல் வருகிற சனல் நாளை தன் வியாபாரத் திட்டத்தை மாற்றினால் பூட்டிக்கொள்ளும், அல்லது வேறு செய்மதிக்கு மாறிவிடும். நமக்கு யாரும் அறிவிக்கப் போவதில்லை. அதனால் ஒரு குறிப்பிட்ட சனலை மட்டும் நம்பி எட்டடி டிஷ் வாங்கக் கூடாது. வாங்குவதற்கு முந்தைய நாள் லிங்சாட் போன்ற பட்டியல் தளத்தில் அந்தச் செய்மதியைத் திறந்து, பூட்டில்லாமல் இருப்பவை எவை, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள். கடையில் மட்டையில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கும் சனல் பட்டியலை நான் நம்புவதில்லை.

ஆக, முதல் வேலை கடைக்குப் போவதல்ல. வீட்டில் யார் என்ன பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பது. மக்காவிலிருந்து வரும் நேரலை வேண்டும் என்கிற காத்தான்குடி வீட்டுக்கும், தமிழ்நாட்டுச் செய்தி வேண்டும் என்கிற களுவாஞ்சிக்குடி வீட்டுக்கும் டிஷ் பார்க்கும் திசையே வேறாக இருக்கலாம். இன்னொன்று: சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற நம் நாட்டுச் சனல்களுக்காக டிஷ் வாங்கத் தேவையில்லை. அவை சாதாரண அன்டெனாவில், டிவிக்குள் இருக்கும் டியூனரிலேயே வரும். டிஷ்ஷோடு சேர்த்து ஒரு நல்ல அன்டெனாவையும் அதே பைப்பில் பூட்டிவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் இதெல்லாம் எதற்கு என்றும் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிய தலைமுறை, தந்தி டிவி போன்றவை யூடியூபில் நேரலையாக வருகின்றன. இணையம் தடையின்றி இருக்கிற, செய்தி மட்டும் பார்க்கிற வீட்டுக்கு டிஷ் ஒரு கட்டாயமில்லை. ஆனால் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற வீடு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போன் சிக்னலே தடுமாறுகிற இடம், ரிமோட்டில் எண்ணை அமத்தினால் சனல் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற அப்பம்மா — இவர்களுக்கு டிஷ்தான் சரி.

உச்சந்தலைக்கு மேலே

இனித்தான் நம் இடத்துக்கே உரிய விஷயம் வருகிறது. தொலைக்காட்சிச் செய்மதிகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில், ஒரே வளையத்தில் நிற்கின்றன. மட்டக்களப்பு இருப்பது வடக்கே 7.7 பாகையில், கிழக்கே 81.7 பாகையில். அதாவது அந்த வளையம் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலே போகிறது. லண்டனில் சுவரில் பூட்டிய டிஷ் 25 பாகை ஏற்றக் கோணத்தில் (அடிவானத்திலிருந்து மேலே நிமிரும் கோணம்), எதிர்வீட்டுக் கூரைக்கு மேலால் எட்டிப் பார்க்கும். இங்கே 93.5 பாகைச் செய்மதிக்கு ஏற்றக் கோணம் சுமார் 73 பாகை. 66 பாகைக்கு 69 அல்லது 70. 83 பாகைச் செய்மதிக்கோ 81 பாகை. டிஷ் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும்.

இதனால் வரும் நன்மை ஒன்று உண்டு. மரம் பற்றிய பயம் பாதி குறைகிறது. டிஷ்ஷைவிடப் பத்து மீற்றர் உயரமான தென்னை, 93.5 பாகைச் செய்மதியை மறைக்க வேண்டுமென்றால் அது டிஷ்ஷிலிருந்து மூன்று மீற்றருக்குள், அதுவும் தென்கிழக்குப் பக்கம் நிற்க வேண்டும் (ஓலைக்கு இன்னும் இரண்டு மூன்று மீற்றர் சேர்த்துக்கொள்ளுங்கள்). வளவின் மூலையில் நிற்கும் மரத்தை இதற்காக வெட்டத் தேவையில்லை.

தொல்லைகள் அதைவிட அதிகம்.

முதலாவது, தாங்கி. சில மலிவான டிஷ்களின் பின்பக்கத் தாங்கி உயர்ந்த கோணங்களை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. அளவுகோலில் 60 பாகையோடு கோடு முடிந்துவிடும், போல்ட் ஓடும் காடியும் அங்கேயே முடிந்துவிடும். பிறகு பூட்ட வருகிறவர் பைப்பை வளைத்தோ காடியை அராவியோ சமாளிப்பார். கடையிலேயே தாங்கியை எடுத்து, 75 பாகைக்கு மேல் போகிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேயு-பாண்டுக்கு விற்கும், எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக நிற்கும் ஓஃப்செட் டிஷ்களைப் பார்த்து ஒருவர் குழம்பவும் கூடும். அவை தாம் பார்ப்பதைவிட இருபத்தைந்து பாகை அளவில் குனிந்து நிற்பதுபோல் தெரியும். அது அந்த டிஷ்ஷின் வடிவம், பிழையல்ல.

இரண்டாவது, தண்ணீர். சி-பாண்ட் டிஷ்ஷில் எல்.என்.பி. நடுவில், டிஷ்ஷைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். பலவற்றில் கேபிள் செருகும் வாய் பின்பக்கத்தில் இருக்கிறது. டிஷ் மல்லாந்திருக்கும் நம் ஊரில் அந்த வாய் நேரே வானத்தைப் பார்க்கிறது. மாரி மழை ஒரு மாதம் அதில் விழுந்தால் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்கி, கேபிளின் பின்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்து சேரும். எல்.என்.பி.க்குப் பிளாஸ்டிக் மூடி ஒன்று வாங்கிப் போடுங்கள், கனெக்டருக்கு மேல் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு வெயில் காலத்துக்குள் பசை உருகி அவிழ்ந்துவிடும். ஓட்டையில்லாத தகட்டு டிஷ் என்றால் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, எல்.என்.பி.யின் திருப்பம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. செய்மதி தன் சமிக்ஞைகளை நிலைக்குத்து, கிடை என இரண்டு தளங்களில் அனுப்புகிறது. எல்.என்.பி.க்குள் இருக்கும் இரண்டு சிறு கம்பிகள் அந்தத் தளங்களோடு நேராக நிற்க வேண்டும். செய்மதி நமக்கு நேர் தெற்கே இருந்தால் எல்.என்.பி.யும் நேராக நிற்கலாம். பக்கவாட்டில் இருந்தால் அதைச் சுழற்ற வேண்டும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட வர வர இந்தச் சுழற்சி வேகமாகக் கூடுகிறது. மட்டக்களப்பில் 83 பாகைச் செய்மதிக்குக் கணக்குப்படி பத்து பாகை போதும். 93.5 பாகைக்கு ஏறக்குறைய 56 பாகை! 66 பாகைக்கு 60ஐயும் தாண்டும். பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து எல்.என்.பி.யை நேராகப் பூட்டிவிட்டு, "சிக்னல் வருது, ஆனா பாதிச் சனல் உடையுது" என்று தலையைச் சொறிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு தளமும் கலந்து ஒன்றையொன்று கெடுக்கிறது. றிசீவர் திரையில் தரம் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் மேலே எல்.என்.பி.யை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழற்றினால் எங்கே நிறுத்துவது என்று அதுவே சொல்லும். ஆகவே எல்.என்.பி. பிடியில் தாராளமாகச் சுழலக் கூடியதா என்பதும் வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று.

காற்றும் உப்பும் மழையும்

டிஷ் அளவுக்கு வருவோம். டிஷ் பிடிக்கும் சமிக்ஞை அதன் பரப்போடு கூடுகிறது. 60 சென்ரிமீற்றரிலிருந்து 90க்குப் போனால் அகலம் ஒன்றரை மடங்குதான், பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆறடியிலிருந்து எட்டடிக்குப் போனால் பரப்பு முக்கால் மடங்குக்கும் மேல் கூடுகிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷின் கற்றை இந்தியப் பெருநிலத்தைக் குறிவைத்தது. இலங்கை அதன் ஓரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 60 சென்ரிமீற்றர் போதும் என்பதைக் கேட்டு இங்கேயும் அதையே வாங்க வேண்டாம். வெயில் நாளில் 60 கூட வேலை செய்யலாம். கேயு-பாண்டின் அதிர்வெண் 11 ஜிகாஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால் மழைத்துளிகள் அதை நன்றாக விழுங்கும். நமக்கு மழை கொட்டுவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, அதாவது வீட்டுக்குள் அடைந்து கிடந்து டிவி பார்க்க வேண்டிய காலத்தில்தான். 90 சென்ரிமீற்றர் வாங்குங்கள். பலத்த மழையில் அதுவும் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும், ஆனால் தூறலுக்கெல்லாம் படம் உடையாது.

சி-பாண்ட் 4 ஜிகாஹேர்ட்ஸுக்கு அருகில் வேலை செய்கிறது. மழை அதை அதிகம் தொடுவதில்லை. அதற்கு விலையாக ஆறடி, எட்டடி டிஷ் வேண்டும். 93.5 பாகையில் சி-பாண்டுக்கு ஜிசாட் 17, கேயு-பாண்டுக்கு ஜிசாட் 15 என இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதால், ஒரு ஆறடி டிஷ்ஷிலேயே இரண்டு எல்.என்.பி.யும் பூட்டி இரண்டையும் எடுக்கலாம். ஒரே டிஷ்தான் வைக்க இடம் உண்டு என்கிற வீட்டுக்கு இதுதான் என் தெரிவு.

பெரிய டிஷ் என்றதும் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். எட்டடித் தகட்டு டிஷ் காற்றில் பாய் விரித்த தோணிதான். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களுக்கு இந்தக் கரையில் காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு போகாமல், ஆனி, ஆடிக் கச்சான் ஒன்றே தளர்ந்த போல்ட்டைக் கண்டுபிடித்து டிஷ்ஷைத் திருப்பிவிடும். சி-பாண்டுக்கு அலுமினிய வலை டிஷ்தான் சரி. அந்த அலையின் நீளம் ஏழு சென்ரிமீற்றருக்கும் மேல். வலையின் சிறு கண்களை அது உணர்வதே இல்லை, காற்றும் மழைத் தண்ணீரும் மட்டும் ஊடே போய்விடும். கேயு-பாண்டின் அலை இரண்டரை சென்ரிமீற்றர் அளவு என்பதால் அகலக் கண் வலையில் நட்டம் கூடும். ஒரே டிஷ்ஷில் இரண்டையும் எடுக்கப் போகிறவர் கண் நெருங்கிய வலையைத் தேட வேண்டும்.

உப்புதான் நம் பெரிய எதிரி. கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் என்று கடலும் வாவியுமாக இருக்கும் எழுவான்கரையில், பெயின்ற் அடித்த இரும்பு டிஷ் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை உங்கள் ஜன்னல் கம்பிகளே சொல்லும். டிஷ் அலுமினியமாக இருந்தாலும் கூட வரும் நட்டும் போல்ட்டும் மலிவு இரும்பாக இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு ஹார்ட்வெயார் கடையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை அதே அளவில் வாங்கிப் போடுவதற்குப் பெரிய செலவில்லை. கம்பத்துக்குத் துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. பைப், மேல் வாயில் ஒரு மூடி. செங்கலடி, வவுணதீவு போலக் கொஞ்சம் உள்ளே இருப்பவர்களுக்கு இதில் ஓரளவு தளர்வு உண்டு.

கம்பம் நிலைக்குத்தாக நிற்பது இங்கே மற்ற இடங்களைவிட முக்கியம். தலைக்கு மேலே பார்க்கும் டிஷ்ஷுக்குத் திசைகோளில், அதாவது பக்கவாட்டுத் திசையில், கொஞ்சம் பிழை வந்தாலும் பெரிய பாதிப்பில்லை. 81 பாகை ஏற்றக் கோணத்தில் பக்கவாட்டில் 10 பாகை பிசகினால்கூட வானத்தில் உண்மையான விலகல் ஒன்றரை பாகைதான். ஏற்றக் கோணத்தில் ஒன்றரை பாகை பிசகினால் அதே அளவு கெடும். ஆகவே போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சண்டை போடுவதைவிட, மேசனின் தூக்குக்குண்டைக் கம்பத்தின் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்ப்பது பயனுள்ளது. (போன் திசைகாட்டி இரும்புப் பைப்புக்குப் பக்கத்தில் பொய் சொல்லும் என்பது வேறு.) ஓட்டுக் கூரையிலோ சீற்றிலோ நேரடியாகப் பூட்டாதீர்கள். தரையில் கொங்கிறீற் போட்டுக் கம்பம் நடுவதே நல்லது; தலைக்கு மேலே பார்ப்பதால் உயரம் தேவையே இல்லை. ஆடு மாடும் பிள்ளைகளின் பந்தும் எட்டாத உயரம் இருந்தால் போதும்.

எல்.என்.பி.யில் அதிகம் குழம்ப ஒன்றுமில்லை. கேயு-பாண்டுக்கு லேபலில் 9750, 10600 என்று இரண்டு எண்களும் இருக்கும் யுனிவேர்சல் வகை, சி-பாண்டுக்கு 5150. இரைச்சல் 0.1 டெசிபெல் என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அந்த எண்ணை யாரும் சோதித்துப் போடுவதில்லை. வாய் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். காகம் கொத்தி மூடி வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். பழைய கட்டண டிஷ் ஒன்று வீட்டில் சும்மா துருப்பிடிக்காமல் கிடந்தால், எல்.என்.பி. லேபலில் அந்த இரண்டு எண்கள் இருந்தால், இரண்டையும் திருப்பிப் பயன்படுத்தலாம். அதன் பெட்டி மட்டும்தான் உதவாது.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். றிசீவர் இதே கேபிள் வழியாகத்தான் எல்.என்.பி.க்குக் கரண்ட் அனுப்புகிறது. 13 வோல்ற் போனால் நிலைக்குத்துச் சனல்கள், 18 வோல்ற் போனால் கிடைச் சனல்கள். கனெக்டரில் பச்சை பூத்து, வோல்ற் வழியிலேயே குறைந்தால், எல்.என்.பி. 18ஐ 13 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பாதிச் சனல்கள் மட்டும் ஒரேயடியாகக் காணாமல் போகும். இதைக் கண்டதும் "றிசீவர் போச்சு" என்று புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ஜி6 என்று எழுதியிருக்கும் கேபிள் எல்லாமே ஒன்றல்ல. நடுக் கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய இரும்பா என்று அறிய ஒரு சின்னக் காந்தத்தைக் கிட்டப் பிடியுங்கள். ஒட்டினால் இரும்பு, உப்புக் காற்றில் வெட்டிய முனையிலிருந்து துரு தொடங்கும். வெளியே போவதற்குக் கறுப்பு உறை, கையால் திருகிப் போடும் கனெக்டருக்குப் பதில் அமத்திப் பூட்டும் கனெக்டர். இரண்டு மூன்று எல்.என்.பி. இருந்தால் நடுவில், அவற்றில் ஒன்றை மாற்றி மாற்றிப் பெட்டிக்குக் கொடுக்கும் ஒரு டைசெக் சுவிட்ச் வரும். அதை வெளியே மழையில் விடாமல் தாழ்வாரத்துக்குள் வையுங்கள்.

கடைசியில் பெட்டி

இவ்வளவும் சரியாக இருந்தால், 1506 என்று எண் சொல்லி விற்கும் சின்ன எச்டி பெட்டிகூட நல்ல படம் தரும். மூன்றே விஷயம் பாருங்கள். செய்மதி டிஜிட்டல் ஒளிபரப்பின் புதிய முறையான டிவிபி-எஸ்2 இருக்க வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையான எம்பெக்-4 இருக்க வேண்டும். பழைய எம்பெக்-2 பெட்டியில் ஃப்ரீ டிஷ்ஷின் ஒரு பகுதியே தெரியாது. அதைவிடப் புதிய எச்.265 இருந்தால் இன்னும் சில வருடத்துக்குக் கவலையில்லை. பிளைன்ட் ஸ்கேன் வசதி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் சனல்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதிர்வெண்ணைத் தேடித் தட்டச்சு செய்யாமல் பெட்டியே தேடிக்கொள்ளட்டும்.

எஸ்2வும் டி2வும் சேர்ந்த கூட்டுப் பெட்டிக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். டி2 என்பது தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பின் ஒரு முறை. இலங்கை அதற்குத் தெரிவு செய்தது ஜப்பானிய முறையான ஐஎஸ்டிபி-டியை. நாளைக்கு இங்கே டிஜிட்டல் வந்தாலும் அந்த டி2 பகுதியால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பழைய பெட்டி டிவி வைத்திருப்பவர்கள் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் போகும் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டி அவர்களுக்கு உதவாது. என் விருப்பம், வெளியே 12 வோல்ற் அடாப்டரில் ஓடும் பெட்டி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டப்போவதாக அறிவித்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பற்றரியில் ஓடக் கூடிய சாமானின் அருமை தெரியும்.

பூட்டுகிறவர் வேலையை முடித்துவிட்டு, "பாருங்க, சிக்னல் 90" என்று காட்டினால் எந்தக் கோட்டைக் காட்டுகிறார் என்று கவனியுங்கள். திரையில் இரண்டு கோடுகள் இருக்கும். வலு என்ற கோடு, எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே நிறைந்து நிற்கும். டிஷ் தரையைப் பார்த்தாலும் அது 80, 90 காட்டலாம். தரம் என்ற கோடுதான் கணக்கு. மழைக்குத் தாங்க வேண்டுமென்றால் அந்த வெயில் நேரத்தில் அது முடிந்தளவு மேலே இருக்க வேண்டும், படம் வந்ததோடு விட்டுவிடக் கூடாது. போல்ட்டை இறுக்கும்போது டிஷ் ஒரு சொட்டு நகரும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை தரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிலைக்குத்துச் சனலும் ஒரு கிடைச் சனலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு.

இடி காலத்தில், சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும், கரண்ட் பிளக்கைக் கழற்றுவதோடு டிஷ் கேபிளையும் றிசீவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பெரும்பாலும் பெட்டியைக் கொல்வது அந்த வழிதான். கம்பத்துக்குத் தனியாக எர்த் கம்பி இறக்குவதும் வயரிங் பாஸுக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

அப்புறம், வருடத்தில் இரண்டு முறை, மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும், சில நாட்களுக்கு ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அளவில் படம் போகும். வெயில் எரித்துக்கொண்டிருக்கும், மழையின் சாடையே இருக்காது. சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வந்து தன் இரைச்சலால் அதை அமுக்கிவிடுவதுதான் காரணம். நம் ஊரில் 93.5 பாகைச் செய்மதிக்கு இது காலை 11 மணியை ஒட்டி நடக்கும், 83 பாகைக்கு நண்பகலில், 66 பாகைக்கு ஒரு மணிக்குப் பிறகு. பூட்டினவரைக் கூப்பிட வேண்டியதில்லை. இன்னும் டிஷ் வைக்காதவர்களுக்கு அந்த நாட்கள் உதவும்: செய்மதி இருக்கும் இடத்திலேயே சூரியன் இருப்பதால், அந்த நேரத்தில் வளவில் எங்கே தென்னை ஓலையின் நிழல் விழவில்லையோ அங்கே கம்பத்துக்குக் குழி தோண்டலாம்.